லாக்லன் பீட்ரியின் மஞ்சள் தோள்வார்

லாக்லன் பீட்ரிக்கு இடுப்பு என்று ஒன்று இருந்த காலம் உண்டு. அறுபத்தெட்டாம் வருடம் மே மாதம், இன்வர்டோரன் தேவாலய வாசலில் எடுத்த கல்யாணப் படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கொசுவப் பாவாடையான கில்ட்டின் வார்கள் தொப்புளுக்கு மேலே கச்சிதமாகப் பிடித்திருக்கின்றன. எட்டு கஜம் கம்பளித் துணி பின்னால் கொசுவம் கொசுவமாக மடிந்து, விளிம்பு முழங்காலின் நடுவில் கோடு கிழித்ததுபோல் நிற்கிறது. பக்கத்தில் எல்ஸ்பெத், காற்றில் பறக்கும் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படத்தை வரவேற்பறையில் மாட்டியவர் எல்ஸ்பெத். இருபது வருடம் கழித்து அதை மாடிப்படித் திருப்பத்துக்கு, வெளிச்சம் குறைந்த இடத்துக்கு, மாற்றியவர் லாக்லன்.

இருபத்திரண்டு வயதில் அவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று, இன்வர்டோரனிலிருந்து எல்கின் போகும் பஸ்ஸில் டிரைவர். மற்றது, பையில் காற்றூதி வாசிக்கும் பேக்பைப் குழல்களின் ஊர் பேண்டில் பெரிய டிரம் அடிப்பது. இரண்டையும் அவர் ஒரே வேலையாகத்தான் நினைத்தார். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது; பின்னால் இருக்கிறவர்கள் நம்மை நம்பி வருகிறார்கள். முப்பத்தொரு வருடத்தில் பஸ்ஸும் பிந்தியதில்லை, டிரம்மும் முந்தியதில்லை.

மூன்றாவதாக ஒரு வேலையும் பார்த்தார். அதை யாரும் கொடுக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பது. நடக்கும்போது தோளைக் குலுக்குகிற பாதிரியாருக்கு ஒன்று, மூக்கால் பேசுகிற பல் டாக்டருக்கு ஒன்று. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சில்லறையோடு ஒரு கேலியையும் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வருகிற இடத்தில் மனிதன் மறுபடி மறுபடி போய் நிற்பான் அல்லவா, லாக்லனும் நின்றார்.

அவர் கேலிக்கு நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். எல்ஸ்பெத்தின் அண்ணன் மர்டோ பிர்னி. தபால்காரர். நடந்து நடந்து தேய்ந்துபோன உடம்பு. தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே அகலம். இப்படிப்பட்ட உடம்பில் கில்ட் நிற்பதற்குப் பிடிமானமே இல்லை. கொடிக்கம்பத்தில் கட்டிய பாவாடைபோல வழுக்கிக்கொண்டே வரும். அதனால் மர்டோ தோள்வார் போட்டுக்கொள்வார். கால்சட்டை இறங்காமல் இருக்க, முன்னும் பின்னும் பொத்தானில் மாட்டித் தோள் மேலாகப் போட்டுக்கொள்ளும் எலாஸ்டிக் அல்லது தோல் பட்டை. மேலே கோட்டு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

எழுபத்தொன்பதில் அறுவடை விருந்து. ஆட்டம் சூடு பிடித்ததும் ஆண்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள். மர்டோவும் ஏதோ நினைப்பில் கழற்றிவிட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்புத் தோல் வார்கள் குறுக்கே ஓடின. லாக்லன் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மச்சான், சேணம் மட்டும் போட்டுட்டு வந்திருக்க. வண்டி எங்க?"

கூடம் இடிந்து விழுகிறாற்போல் சிரித்தது. மர்டோவும் சிரித்தார். அதற்குப் பிறகு "வண்டி எங்க?" என்பது இன்வர்டோரனில் வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. தபால் கொண்டுபோனால் கேட்டார்கள். தேவாலயத்தில் கேட்டார்கள். தன் மூத்த மகள் கட்ரியோனாவின் கல்யாணத்துக்கு மர்டோ கில்ட்டே இல்லாமல், சாம்பல் நிறக் கால்சட்டையில் வந்து நின்றார். அன்றும் லாக்லன் விடவில்லை. "என்ன மச்சான், வண்டிய வித்தாச்சா?" என்றார்.

பஸ் டிரைவர் வேலையில் ஓடுவது பஸ்தான். ஓட்டுகிறவர் உட்கார்ந்தே இருக்கிறார். எல்கினில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு அடுமனை. ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை அங்கே காலையிலும் சூடாகக் கிடைக்கும், மதியமும் சூடாகக் கிடைக்கும். வருடத்துக்கு அரை அங்குலம் என்று லாக்லனின் இடுப்பு வளர்ந்தது. ஐம்பது வயதில் அது இடுப்பாகவும் இல்லை. நெஞ்சில் தொடங்கித் தொடையில் முடியும் ஒரே மேடு.

பேண்டுக்குக் கில்ட் தைக்கிற ஐனா ஃபார்கர் இரண்டு முறை வார்களைத் தள்ளித் தைத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை லாக்லன் போனபோது, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"துணி முடிஞ்சுபோச்சு லாக்லன். இனிமே வாரத் தள்ளணும்னா உன் வயித்துலதான் தைக்கணும்."

"இறுக்கிக் கட்டினா நிக்குதுங்க. மூச்சு மட்டும் கொஞ்சம் கஷ்டம்."

"மூச்சு விடாம எத்தன பாட்டு அடிப்ப? இங்க பாரு, கில்ட்டு நிக்கறது இடுப்புப் பள்ளத்துல. உனக்குப் பள்ளம் இல்ல, மேடு. மேட்டுக்கு மேல கட்டினா வழுக்கும், கீழ கட்டினா முன்னால தொங்கும், பின்னால தூக்கும். தோள்வார் போடு. ஆறு பொத்தான். அரைமணி நேர வேல."

"தோள்வாரா? நானா?"

"ஏன், முப்பது வருஷமா டிரம்ம எதுல மாட்டித் தூக்கற? தோள்ல வார் போட்டுத்தான? டிரம்முக்கு இல்லாத வெக்கம் உனக்கு எதுக்கு?"

லாக்லன் கில்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். வெட்கத்துக்குக் காரணம் ஐனாவுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். பதினாறு வருடமாக மர்டோவைச் சேணம் போட்ட குதிரை என்று சொன்னவர் எந்த முகத்தோடு தானே சேணத்தை மாட்டிக்கொள்வது? அகலமான தோல் பெல்ட் ஒன்று வாங்கி மேலே இறுக்கினார். வேட்டியின்மேல் பெல்ட் கட்டுகிறவர்களுக்கு இந்த விவகாரம் புரியும். பெல்ட் இருக்கும் இடத்தில் வேட்டி இருக்கும்; ஆனால் பெல்ட் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தொப்பைதான் முடிவு செய்யும்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஜூலையில், மலைக்கு அந்தப் பக்கம் டன்லாரிக் ஊரில் விளையாட்டு விழா. பேண்டுகளுக்குள் அணிவகுப்புப் போட்டி. லாக்லன் அன்று மதியம் பை சாப்பிட்டிருந்தார். இரண்டு. வலி தாங்காமல் புறப்படும்முன் வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டார்.

மைதானத்தை முக்கால்வாசி சுற்றும்போது கில்ட் புறப்பட்டது.

பெரிய டிரம் ஒவ்வொரு அடிக்கும் தொப்பையில் லேசாக வந்து மோதும். ஒவ்வொரு மோதலுக்கும் கில்ட் ஒரு நூல் கீழே இறங்கியது. இரண்டு கையிலும் டிரம் கோல்கள். விட்டுப் பிடிக்க முடியாது. முன்பக்கத்தை டிரம் மறைத்தது. பின்பக்கத்தை மறைக்க ஆண்டவன்தான் வரவேண்டும். விளிம்பு முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் சதையைத் தொட்டதை அவர் உணர்ந்தார். காலை அகட்டி நடந்து பார்த்தார். தொப்பையை வெளியே தள்ளிப் பார்த்தார். எதுவும் சரிவராமல் கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, வேகத்தைக் கூட்டினார். முடிவுக் கோடு சீக்கிரம் வந்துவிட்டால் மானம் தப்பும். அன்று காலை கில்ட்டுக்கு உள்ளே என்ன அணிந்திருந்தார், அணிந்திருந்தாரா என்பதெல்லாம் அவருக்கும் எல்ஸ்பெத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர் கூட்டிய வேகத்தை வைத்து மற்றவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய டிரம் எப்படியோ அப்படித்தான் பேண்ட். பதினான்கு பேக்பைப்பும் ஐந்து சின்ன டிரம்மும் அதன் பின்னால் ஓடின. கம்பீரமாக நடக்க வேண்டிய அணிவகுப்பு, மாடு துரத்துகிற மாதிரி கோட்டுக்கு வந்து சேர்ந்தது. பாட்டு முடிந்த கணமே லாக்லன் கோல்களைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நடுவர் நீண்ட நேரம் ஏதோ எழுதினார். எட்டுப் பேண்டில் எட்டாவது இடம்.

பேண்டை நடத்தும் பைப் மேஜர் ஸ்ட்ராகன் ராணுவத்தில் இருந்தவர். கோபம் வந்தால் குரல் தாழும்.

"என்ன ஆச்சு பீட்ரி?"

"குளவி, மேஜர்."

"குளவியா?"

"முதுகுல உக்காந்துடுச்சு."

"முப்பத்தொரு வருஷமா நீங்க ஒரு அடி பிசகினதில்ல. அடுத்த மாசம் நம்ம ஊர் விழா. அன்னிக்கும் குளவி வந்தா, டிரம்ம வேற ஆள் எடுத்துப்பாங்க."

வீட்டில் குளவிக் கதை எடுபடவில்லை. எல்ஸ்பெத் கில்ட்டை விரித்துப் பார்த்தார். பின்விளிம்பு முழுக்கப் புல் கறை. அதன்பிறகு கணவரைத் திருப்பி நிறுத்தி சட்டையைத் தூக்கினார். பெல்ட் இறுக்கிய தடம் சிவப்பாகச் சுற்றிலும் ஓடியது.

"குளவி நல்லா ரவுண்டடிச்சிருக்கு" என்றார்.

லாக்லன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எல்ஸ்பெத் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தார். டிரம் ஒவ்வொரு அடிக்கும் கில்ட்டை இறக்கிய இடம் வந்ததும் முடியவில்லை. அடுப்படி நாற்காலியில் சாய்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு ஐனா கடைக்குப் போற" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மர்டோவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. பதினாறு வருஷம் கடன் இருக்கு உனக்கு."

ஐனா கில்ட்டின் மேல்பட்டிக்குள் பொத்தான்களைத் தைத்தார். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு. கில்ட்டின் கனத்துக்குக் கவ்வி வைத்த வார் தாங்காது, துணியைக் கடித்துவிட்டு நழுவும். தோல் காது வைத்துப் பொத்தானில் மாட்டுவதுதான் நிற்கும் என்று மட்டும் சொன்னார். லாக்லன் கறுப்பு வார் கேட்டார். அவருடைய நீளத்துக்குக் கடையில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. பஸ்ஸுக்குள் பிடித்துக்கொள்கிற கம்பியின் மஞ்சள்.

"உள்ளதான போடப்போற. நிறத்த யார் பாக்கப்போறாங்க?"

கண்ணாடி முன்னால் நிற்கவைத்து மாட்டி, நீளத்தைச் சரிசெய்து, இடுப்பு வார்களை இரண்டு துளை தளர்த்திவிட்டார். லாக்லன் பயத்தில் இரண்டு கையாலும் கில்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய விடு."

விட்டார். எதுவும் நடக்கவில்லை. கில்ட் ஆணியில் மாட்டிய கோட்டுபோலத் தோளிலிருந்து தொங்கியது. உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், குனியச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் விளிம்பு முழங்காலின் நடுவுக்கே திரும்பி வந்தது. லாக்லன் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். அது பத்து வருடமாகப் போகாத இடங்களுக்கெல்லாம் போய்ச் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் பொத்தான்களைப் பாராட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐனா."

"இந்த ஊர்ல எல்லாரோட இடுப்பளவும் எனக்குத் தெரியும். என்னிக்காவது வெளிய போயிருக்கா?"

ஆகஸ்டில் ஊர் விழா. அந்தக் கோடையில் வெயில் கொளுத்தியது. இன்வர்டோரனில் அப்படியொரு வெயிலை யாரும் பார்த்ததில்லை. குன்றின் புல் பழுத்துவிட்டது, மரக்கம்பம் எறியும் போட்டிக்காரர்கள் கம்பத்தை எறிந்த கையோடு நிழலுக்கு ஓடினார்கள். பேண்ட் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டு வரிசையில் நின்றது. பைப் வாசிக்கிற பெண் ஒருத்தி முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்ட்ராகன் வானத்தைப் பார்த்தார், பேண்டைப் பார்த்தார்.

"எல்லாரும் கோட்டக் கழட்டுங்க. உள்கோட்டும். சட்டையோட வாசிப்போம்."

பேண்டில் பெருமூச்சு எழுந்தது. கோட்டுகள் புல்லில் விழுந்தன. லாக்லன் மட்டும் அசையவில்லை.

"பீட்ரி?"

"எனக்கு வேண்டாம் மேஜர். லேசா சளி."

"சளியா? இந்த வெயில்லயா?"

"நெஞ்சுச் சளி."

ஸ்ட்ராகனின் குரல் தாழ்ந்தது. "பேண்டுன்னா எல்லாரும் ஒரே மாதிரி நிக்கணும். கழட்டுங்க, இல்ல வெளிய நில்லுங்க."

லாக்லன் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையில் தண்ணீர் வாளியும் குவளையுமாக, பேண்டுக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தவர் வேறு யாருமில்லை, மர்டோ. இன்னும் நான்கு பேர் தள்ளி இருந்தார். லாக்லன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவ்வளவு மெதுவாக யாரும் கோட்டைக் கழற்றியிருக்க முடியாது. ஆனாலும் கடைசிப் பொத்தான் என்று ஒன்று வந்துதானே ஆகவேண்டும்.

வெள்ளைச் சட்டையின்மேல் மஞ்சள் வார்கள் வெயிலில் பளிச்சென்று நின்றன. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. மர்டோ வாளியோடு எதிரே வந்து நின்றார். மஞ்சளைப் பார்த்தார். கில்ட்டின் விளிம்பைப் பார்த்தார். லாக்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணி குடி மாப்ள" என்றார் மர்டோ. குவளையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்று டிரம் கடிகாரம் மாதிரி விழுந்தது. வெயில் அடித்தாலும் பேண்ட் நடந்தது நடையாக இருந்தது. இரண்டாம் பரிசு அறிவித்தபோது எல்லோரும் தொப்பியைத் தூக்கினார்கள். லாக்லனுக்கு அது காதில் விழவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டே வார்த்தை வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மர்டோ வீட்டில் சாப்பாடு. இதோ சொல்லப்போகிறார் என்று லாக்லன் சூப்பை விழுங்கினார், இதோ என்று மாட்டிறைச்சியை விழுங்கினார். மர்டோ உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசினார். அடுத்த ஞாயிறும் உருளைக்கிழங்குதான். லாக்லன் பஸ் ஓட்டும்போது முன்கண்ணாடியைப் பார்த்துப் பதிலடிகளை ஒத்திகை பார்த்தார். ஐந்தாறு நல்ல பதில் கைவசம் இருந்தது. ஒன்றையும் பயன்படுத்த வழியில்லை. தூக்கம் குறைந்தது. ஒருநாள் ஆயுளில் முதல்முறையாக ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டார்.

"நீயே போய்க் கேட்டுடேன்" என்றார் எல்ஸ்பெத். "உன்னால நான் நிம்மதியா டீ குடிச்சு மூணு வாரமாச்சு."

மர்டோ வீட்டுக்குப் பின்னால் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். லாக்லன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிடு மச்சான்."

"எத?"

"அதான். வண்டி. சேணம். எத்தன நாளைக்கு இழுத்தடிப்ப?"

மர்டோ மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சொல்லணும்னு தோணல மாப்ள."

"பதினாறு வருஷம் நான் சொல்லியிருக்கேன்."

"ஆமா. மொத மூணு வருஷம் எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் நாலாவது வருஷம்." அவர் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். "எனக்கு இடுப்பு இல்ல. சின்ன வயசுலருந்தே இல்ல. தோள்வார் இல்லாம ஒரு தெரு தாண்ட முடியாது. கோட்டோட நின்னாலும் ஜனங்க முதுகத் தடவிப் பாக்க ஆரம்பிச்சாங்க, வார் இருக்கான்னு. எண்பத்து மூணுல மடிச்சுப் பெட்டில வெச்சேன். கட்ரியோனா கேட்டா, அப்பா, என் கல்யாணத்துக்காவது போடுங்கன்னு. போடல."

  லாக்லனுக்குக் கல்யாணத்தன்று பார்த்த சாம்பல் கால்சட்டையும் தான் கேட்ட கேள்வியும் ஞாபகத்துக்கு வந்தன. வேலியின் ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"கோவம்லாம் இல்ல" என்றார் மர்டோ. "அன்னிக்கு மைதானத்துல ஒன்னப் பாத்தேன். நிம்மதியா மூச்சு விட்டுட்டு நின்ன. மொத மொத தோள்வார் போட்ட அன்னிக்கு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

லாக்லன் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். வாளியை இழுத்துப் போட்டுக் குனிந்து கிழங்கு பொறுக்கத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தில் அவர் கை மண் பட்டது அன்றுதான் முதல்முறை. வரிசை முடியும்வரை பொறுக்கினார். கிளம்பும்போது சொன்னார்.

"உன் சின்னவ ஷோனா கல்யாணம் அக்டோபர்லதான? நீ கில்ட்டு போடற."

"பாக்கலாம்."

"பாக்கலாம்லாம் வேணாம். போடற."

 மர்டோவின் மனைவி பெட்டியைத் திறந்து கில்ட்டை எடுத்து ஐனாவிடம் கொடுத்தார். பூச்சி இரண்டு இடத்தில் தின்றிருந்தது. நல்லவேளை, இரண்டும் கொசுவத்துக்கு உள்ளே. ஐனா இழையோடி அடைத்து, வெயிலில் உலர்த்தி அனுப்பினார். கல்யாணத்தன்று காலை அது மர்டோவின் படுக்கையில் ஒரு பக்கம் கிடந்தது. மறுபக்கம் சாம்பல் நிறக் கால்சட்டை கிடந்தது. நடுவில் மர்டோ சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

லாக்லன் வீடு ஊரின் இந்தக் கோடி. மர்டோ வீடு அந்தக் கோடி. நடுவே கடைத்தெரு. சனிக்கிழமை, காலை பத்து மணி, எல்லோரும் வெளியே இருக்கிற நேரம். லாக்லன் கில்ட்டைக் கட்டினார், வெள்ளைச் சட்டை போட்டார், மஞ்சள் வாரை மாட்டினார். கோட்டை எல்ஸ்பெத் கையில் கொடுத்தார்.

"இத நீ கொண்டு வந்துடு."

"குளிர்ல இப்பிடியேவா போகப்போற?"

"இப்பிடியேதான்."

அக்டோபர் காற்று ஆற்றிலிருந்து ஊசி ஊசியாக வந்தது. லாக்லன் கடைத்தெருவின் நட்டநடுவில், டிரம் இல்லாமல், கோட்டு இல்லாமல், அணிவகுப்புக்குப் போகிற அதே நடையில் நடந்தார். இறைச்சிக் கடைக்காரர் கத்தியோடு வாசலுக்கு வந்தார். அஞ்சலகத்து வரிசை அப்படியே திரும்பியது. பல் டாக்டர் மூக்கால் ஏதோ சொன்னார், வரிசை சிரித்தது. பாதிரியார் தோளைக் குலுக்கினார். குளிருக்கா சிரிப்புக்கா என்று தெரியவில்லை. பதினாறு வருடமாகச் சொல்லக் காத்திருந்த வாய்களுக்கெல்லாம் அன்று தீனி. மீன் வண்டிக்காரப் பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"லாக்லன், வண்டி எங்க?"

"மர்டோ வீட்டுல நிக்குது" என்றார் லாக்லன், நடையை நிறுத்தாமல். "எடுக்கத்தான் போறேன்."

தெரு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் வந்திருந்தார். சிரித்து முடித்துவிட்டு மதியம் கல்யாணத்துக்கு வந்தால் போதும்.

கதவைத் திறந்த மர்டோ, பற்கள் தந்தியடிக்க மஞ்சள் வாரோடு நின்ற லாக்லனைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தெருமுனைவரை ஊர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பைத்தியமா ஒனக்கு?"

"இருக்கலாம். உள்ள விடு, முழங்கால் மரத்துப்போச்சு."

மர்டோ அவரை அடுப்பு முன்னால் உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது கில்ட்டில் இருந்தார். பழைய பழுப்புத் தோல் வார்கள் தோளில் கிடந்தன. கோட்டு கையில் இருந்தது. கல்யாணப் பெண் ஷோனா தலையில் பாதிப் பூவோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்து அப்பாவின் பின்பக்க வாரை நேராக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். லாக்லன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவாலயத்தில் கோட்டோடு நின்றார்கள். கூடத்தில் ஆட்டம் தொடங்கியதும் முதலில் கோட்டைக் கழற்றியவர் மர்டோ. யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையிலேயே கேட்டுத் தீர்த்திருந்தார்கள். மர்டோவும் லாக்லனும் முழங்கையைக் கோத்துக்கொண்டு சுற்றினார்கள். ஒருவர் ஒட்டடைக் குச்சி, ஒருவர் பீப்பாய். இரண்டு கில்ட்டும் விரிந்து விரிந்து முழங்காலுக்கே வந்து அடங்கின. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஐனா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, விளிம்பைத்தான் பார்த்தார். ஸ்ட்ராகன் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல் ஏதோ விசாரித்தார். ஐனா தன் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "இங்க வேணாம்" என்று ஸ்ட்ராகன் சொன்னது பக்கத்து மேசைவரை கேட்டது.

ஆட்டத்துக்கு இடைவேளை விட்டதும் சாப்பாடு வந்தது. லாக்லன் ஆட்டுக்கறியை முடித்து, வாத்துக்கறியை முடித்து, உலர்திராட்சை போட்டு அவித்த புட்டிங்கில் மூன்றாவது தட்டை நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"போதும் லாக்லன்" என்றார் எல்ஸ்பெத்.

"எங்கயும் இறுக்கலையே" என்றார் லாக்லன், கரண்டியை எடுத்துக்கொண்டு.